திருத்தணி எஸ்பிரஸோ இயந்திரங்களில் உப்புப் படிவு: தீராத எல்லைத் தகராறு ஒன்று

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போயிற்று. ம.பொ.சி. முதலானோர் போராடியதும், நடுவர் படாஸ்கர் பேசித் தீர்த்ததும், 1960 ஏப்ரல் 1 அன்று ஊர் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியதும் யாவரும் அறிந்தவை. ஆனால் நிலத்தடி நீரிலுள்ள கால்சியம் எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவ்வழக்கு இன்று எஸ்பிரஸோ இயந்திரத்தின் கொதிகலனுக்குள் நடந்துகொண்டிருக்கிறது.

போர் தண்ணீரில் கரைந்து கிடக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடேறியதும் கரியமில வாயுவைக் கைவிட்டுச் சுண்ணாம்பாகிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி. வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு தண்ணீருக்கு வழியில்லையென்றால் 600 வரை. நாளுக்கு ஒரு லிட்டர் காய்ச்சும் வீட்டில், நாளுக்கொன்றாக மலைக்கோயிலின் 365 படிகளையும் எண்ணி, படிக்கு 200 மி.கி. போட்டால் ஆண்டுக்கு 73 கிராம். அத்தனையும் படியாது என்று வேதியியலார் மறுப்பர். அவர்கள் எங்கள் வீட்டு வெந்நீர்த் தவலையைப் பார்த்ததில்லை.

தீர்வு குறித்து அறிஞர்கள் பல கட்சி. குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிய பரம்பரையினர் இங்கும் புளியையே பரிந்துரைப்பர். 9 பார் அழுத்தத்துக்கான பம்பில் புளிநார் சிக்கினால் என்ன ஆகும் என்பது பற்றி அவர்களிடம் கருத்தில்லை. வினிகர்க் கட்சியினர் வீட்டுக் காபியில் ஊறுகாய் மணக்கும். எஞ்சுவது மளிகைக் கடை எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம்: லிட்டருக்கு இருபது கிராம் போல, வெதுவெதுப்பான நீரில். ஆர்வக்கோளாறில் கொதிக்க வைத்தால் கால்சியம் சிட்ரேட் படியும். பழைய உப்பை வெளியேற்றிப் புதிய உப்பைக் குடியமர்த்திய பெருமை நமக்கு.

உப்பே இல்லாத நீரை ஊற்றித் தப்பிக்கலாமே எனில், மின்கடத்தலைக் கொண்டு நீர்மட்டம் அறியும் சில இயந்திரங்கள் அதைத் தண்ணீர் என்றே ஒப்புவதில்லை. பித்தளை பில்டர்காரர்களுக்கு இத்தொல்லை ஏதுமில்லை. ஆகவே அவர்கள் இவ்வாய்வுக்கு உதவார்.

அமிலம் போனபின் வெறுந்தண்ணீர் விட்டு இருமுறை அலச வேண்டும். புளிப்பு மிச்சமிருக்கிறதா என்று அறிய முதல் டம்ளரை எல்லைக்கு அப்பால், ஆந்திரத்து நகரியிலிருந்து வரும் சம்பந்திக்குத் தரலாம். மரியாதைக்காக அவர் தெலுங்கில் “பாகுந்தி”, நன்றாயிருக்கிறது, என்பார். முகத்தைப் பார்த்து முடிவைக் குறித்துக்கொள்க.