முட்டை மீது போட்ட கேஸ்

முட்டை மீதான வழக்கு ஒரு பித்தக்கல்லில் தொடங்கியது. 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் யாருடைய வயிற்றிலிருந்தோ எடுத்த கல்லைக் கரைத்துப் பார்த்தார்கள். மெழுகு மாதிரி ஏதோ மிஞ்சியது. 1815ல் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரேல் அதற்குப் பெயர் வைத்தார். கொலஸ்ட்ராலுக்குப் பெயர் சூட்டிய இந்த மனிதர் 102 வயதுவரை ஜம்மென்று இருந்தார்.

அடுத்து கோப்லே, பாரிஸ் மருந்தாளர். ஊரே ஆம்லெட் போட்டுக்கொண்டிருக்க, இவர் 1840களில் மஞ்சள்கருவை ஆல்கஹாலிலும் ஈதரிலும் ஊறப்போட்டார். லெசித்தின் கிடைத்தது, பித்தக்கல் சரக்கும் அங்கேயே குடியிருப்பது உறுதியானது. நூற்றாண்டு முடிவதற்குள் லீபர்மன், புர்கார்ட் புண்ணியத்தில் சோதனை சுலபமாகிவிட்டது: குளோரோஃபார்மில் கரை, அசிட்டிக் அன்ஹைட்ரைடு விடு, அடர் கந்தக அமிலம் சில சொட்டு. பச்சையானால் ஆசாமி உள்ளே இருக்கிறார்.

ஆசாமியின் முகம்? 27 கார்பன், 46 ஹைட்ரஜன், போனால் போகிறதென்று ஒரே ஆக்சிஜன். ஜெர்மனியின் வீலாண்டும் வின்டவுஸும் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு படம் வரைந்தார்கள். 1928ல் இருவர் கையிலும் நோபல் (வீலாண்டுக்கு முந்தைய வருடத்துப் பாக்கி). படம் தப்பு! 1932ல் கேம்பிரிட்ஜின் பெர்னால் ஸ்டீரால் (கொலஸ்ட்ராலின் குடும்பப் பெயர்) படிகங்களை எக்ஸ்-ரேயில் அளந்து, ஆள் இத்தனை குண்டு இல்லை, ஒல்லி என்று காட்டிவிட்டார். வீலாண்டே அதே வருடம் படத்தைத் திருத்தினார். பரிசை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. நோபல் கமிட்டி பெரிய மனசுக்காரர்கள்.

முட்டைக்கு அந்தச் சலுகை கிடையாது. 1908ல் ரஷ்யாவின் இக்னடோவ்ஸ்கி முயல்களுக்கு இறைச்சி, பால், முட்டை என்று விருந்து வைத்தார். 1913ல் அனிச்கோவ் சூரியகாந்தி எண்ணெயில் கொலஸ்ட்ராலையே கரைத்துப் புகட்டினார். முயல்களின் ரத்தக்குழாய் அடைத்தது. அடைக்காமல்? பரம்பரை சைவம்! எலியும் நாயும் அதே சரக்கைச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்தன. அவற்றின் சாட்சியம் எடுபடவில்லை.

1968ல் அமெரிக்க இதயச் சங்கம் தீர்ப்பெழுதியது: வாரத்துக்கு 3 மஞ்சள்கரு, அவ்வளவுதான். அப்போதைய கணக்கில் ஒரு முட்டைக்குச் சுமார் 274 மில்லிகிராம் கொலஸ்ட்ரால். பழைய நிறச் சோதனைகள் பக்கத்தில் நின்ற மற்ற ஸ்டீரால்களையும் சேர்த்து எண்ணிவிடும் ரகம். கருவிகள் தேறிய பிறகு, 1989ல், அது 213 ஆனது. இப்போது சுமார் 186.

2015ல் அமெரிக்க உணவு வழிகாட்டி, நாளுக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் என்ற பழைய வரம்பையே கைவிட்டது. சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்கள் ஆம்லெட் போடலாம். முயலுக்கு மட்டும் ஊட்டாதீர்கள்.