ரன் மட்டும்தான் பாக்கி

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணிக்கு ரசிகனாக இருப்பதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. அக்டோபர் மாதம் முழுக்க நமக்கு விடுமுறை. நியூயார்க்காரர்களும் லாஸ் ஏஞ்சலஸ்காரர்களும் பிளேஆஃப் பார்த்துக்கொண்டு நள்ளிரவு வரை நகம் கடிப்பார்கள். நாங்கள் நிம்மதியாகக் கொலுப்படி கட்டுவோம், தீபாவளிக்குத் துணி எடுப்போம், ஒன்பதரைக்குப் படுத்துவிடுவோம். 2015-க்குப் பிறகு எந்த அக்டோபரிலும் எங்கள் அணி எங்கள் தூக்கத்தைக் கெடுத்ததில்லை.

வேர்ல்ட் சீரிஸ் கோப்பையை நாங்கள் கடைசியாக வென்றது 1979-ல். அதற்குப் பிறகு சும்மா இருந்தோம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1993-ல் ஆரம்பித்து 2012 வரை, தொடர்ந்து 20 பருவங்கள், ஜெயித்ததைவிட அதிகம் தோற்றோம். கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி, அமெரிக்கக் கால்பந்து எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும், வட அமெரிக்காவின் பெரிய லீக்குகளில் வேறெந்த அணியும் இப்படி விடாமல் தோற்றதில்லை. சாதனை என்று இறங்கிவிட்டால் பைரேட்ஸ் பாதியில் விடமாட்டார்கள்.

இப்படிப்பட்ட அணியின் ரசிகன் எதை நம்பி உயிர் வாழ்கிறான்? வருங்கால நட்சத்திரங்களின் பட்டியலை நம்பித்தான். ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் கீழே மைனர் லீக் என்று சில படிகள் இருக்கின்றன. அங்கே வளரும் பையன்களைப் பார்த்து எடைபோடுகிறவர் ஸ்கவுட். அவர் எழுதித் தரும் அறிக்கை அசல் ஜாதகம். நம்மூரில் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள், இங்கே ஐந்துதான். பந்தைச் சரியாக மட்டையில் வாங்குகிறானா, தூரமாக அடிக்கிறானா, வேகமாக ஓடுகிறானா, ஃபீல்டிங் எப்படி, எறியும் கை எப்படி. ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண். 50 என்றால் சுமார். அதென்ன 20-ல் ஆரம்பிக்கிறது என்று கேட்கக் கூடாது. ஜாதகத்தில் ஏன், எதற்கு என்று கேட்டால் எந்தக் கல்யாணம்தான் நடக்கும்?

இப்போதைக்கு எங்கள் வீட்டு மாப்பிள்ளை கானர் கிரிஃபின். ஷார்ட்ஸ்டாப் நிற்கும் பையன். அணிகள் வரிசையாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2024-ல் ஒன்பதாவது ஆளாக எடுத்தபோது பள்ளிக்கூடத்தைத் தாண்டியிருக்கவில்லை. 2025-ல் ஒரே பருவத்தில் கீழ்ப்படியிலிருந்து கிடுகிடுவென்று ஏறி, மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே இருக்கும் ஆல்டூனா வரை வந்துவிட்டான். அப்போது வயது 19. நாட்டிலேயே இவன்தான் நம்பர் ஒன் என்று நிபுணர்கள் பலர் எழுதிவிட்டார்கள். எங்கள் வீட்டு வைஃபைக்குப் பாஸ்வேர்ட் இப்போது அவன் பெயர்தான். அவனுக்கு முன்னால் வேறொருவன் பெயர் இருந்தது. அதற்கும் முன்னால் இன்னொருவன். இத்தனை பேரில் சொன்னபடி வேலை செய்தது வைஃபை மட்டும்தான்.

பட்டியலில் யாருமே தேறவில்லை என்று சொன்னால் அது அபாண்டம். தேறினார்கள், தேறியவர்களை வெளியூருக்கு அனுப்பி வைத்தோம். கெரிட் கோல் கதையைக் கேளுங்கள். 2011 டிராஃப்டில் முதல் ஆளாக எடுத்த பிட்சர். அந்தக் காலத்தில் எங்கள் பயிற்சியாளர்களுக்குப் பிடித்த பந்து சிங்கர். பேட்டரிடம் வரும்போது கீழே இறங்கும். அடித்தால் தரையோடு உருளும்; உருளும் இடத்தில் முன்கூட்டியே ஆளை நிறுத்தியிருப்போம். ஸ்ட்ரைக்அவுட் எடுக்க ஆறு பந்து செலவழிப்பானேன், இரண்டு பந்தில் அடிக்கவிட்டு அவுட் எடுத்தால் போதாதா என்பது சித்தாந்தம். சிக்கனமான அணிக்கு ஏற்ற சிக்கனமான பந்து. 2013, 2014, 2015 மூன்று வருடமும் அது பலித்தது, பிளேஆஃப் போனோம். 2015-ல் கோலுக்கு 19 வெற்றி.

பிறகு பேட்டர்கள் விழித்துக்கொண்டார்கள். கீழே வரும் பந்தை அள்ளித் தூக்கி அடிக்க எல்லோரும் பழகிவிட்டார்கள். நாங்கள் மட்டும் பழகின பந்தை விடவில்லை. 2017-ல் கோலின் இ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கணக்கில் எத்தனை ரன் போகிறது என்ற சராசரி, 4.26. 2018 ஜனவரியில் அவரை ஹூஸ்டனுக்குக் கொடுத்தோம். அங்கே சிங்கரைக் குறைத்து, நேரான வேகப்பந்தை மேலே போட வைத்தார்கள். அந்த வருடமே 2.88. அடுத்த வருடம் 326 ஸ்ட்ரைக்அவுட். அந்த டிசம்பரில் நியூயார்க் யாங்கீஸ் அவருக்கு ஒன்பது வருடத்துக்கு 32 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்தது. கை அதே கைதான். தண்ணீர்தான் வேறு.

அதே 2018 ஜூலையில், கிறிஸ் ஆர்ச்சர் என்ற ஒரு பிட்சருக்காக டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், ஷேன் பாஸ் என்று மூன்று பேரை டாம்பா பேவுக்குத் தாரை வார்த்தோம். பிட்ஸ்பர்க்கில் இந்தப் பேச்சைச் சாப்பிடும்போது எடுக்கக் கூடாது. புரையேறும்.

இத்தனைக்கும் பிறகு தெய்வம் கண் திறந்தது. 2023 டிராஃப்டில் மறுபடியும் முதல் ஆளை எடுக்கும் வாய்ப்பு வந்தது. பால் ஸ்கீன்ஸ் வந்தார். சிங்கரையும் ஸ்ப்ளிட்டரையும் கலந்த மாதிரி ஒரு பந்து வைத்திருக்கிறார். வேகப்பந்து போல வந்து, கடைசி நேரத்தில் மட்டைக்குக் கீழே பதுங்கிவிடும். 2024 மே மாதம் அறிமுகம். அந்த ஜூலையிலேயே ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் நேஷனல் லீக் அணிக்குப் பந்துவீச்சைத் தொடங்கியது அவர்தான். அந்த வருட இ.ஆர்.ஏ. 1.96, சிறந்த புதுமுகம் விருது. 2025-ல் 1.97. சிறந்த பிட்சருக்கான சை யங் விருதுக்கு வாக்களித்த 30 பேரும் அவருக்கே முதலிடம் கொடுத்தார்கள்.

சரி, உலகத்திலேயே தலைசிறந்த அந்தப் பிட்சரின் 2025 வெற்றிக் கணக்கு என்ன? பத்து வெற்றி, பத்துத் தோல்வி. ஒரு ஆட்டத்துக்கு இரண்டு ரன்கூடக் கொடுக்காதவர் பத்து முறை தோற்கிறார் என்றால், அதற்குத் தனி உழைப்பு வேண்டும். அந்த உழைப்பை எங்கள் பேட்டர்கள் தந்தார்கள். அந்த வருடம் பைரேட்ஸ் அணி மொத்தமாக அடித்த ஹோம் ரன் 117. முப்பது அணிகளில் கடைசி. சியாட்டில் அணியின் கேட்சர் கால் ராலி தனி ஆளாக 60 அடித்தார். இன்னொரு ராலி கிடைத்தால் எங்கள் அணி முழுவதையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். மூன்று ஹோம் ரன் மிச்சம்.

பிட்சிங் வியூகம் பற்றி எங்கள் வீட்டில் நடந்த ஒரே உருப்படியான விவாதத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 11. மில்வாக்கியில் ஆட்டம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவும் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். கிரிக்கெட்டில் சந்திரசேகரும் வெங்கட்ராகவனும் நாள் முழுக்கப் பந்து வீசியதை ரேடியோவில் கேட்டு வளர்ந்தவள். ஸ்கீன்ஸ் ஏழு இன்னிங்ஸ் போட்டார். எதிரணிக்கு ஒரு ஹிட்கூட இல்லை. 11 ஸ்ட்ரைக்அவுட். எட்டாவது இன்னிங்ஸுக்கு வேறொருவர் வந்து நின்றார்.

"ஏன்டா, அந்தப் பையன் நல்லாத்தானே போட்டான்? எங்க காணோம்?"

"99 பந்து ஆயிடுச்சும்மா. அதான் உக்கார வச்சுட்டாங்க."

"அவங்க ஒண்ணுகூட அடிக்கலியே?"

"அடிக்கலைதான். ஆனா கணக்குன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அப்ப அந்தக் கணக்குப் பிள்ளையை உக்கார வைக்கச் சொல்லு."

ஆட்டத்தை 1-0 என்று ஜெயித்தோம். நோ-ஹிட்டர் என்ற பெருமை மட்டும் போனது. அம்மாவுக்கு அந்த ஒரு ரன்னில் திருப்தியில்லை. எனக்கோ, பைரேட்ஸ் ஒரு ரன் எடுத்ததே பெரிய விஷயமாகப் பட்டது.

கணக்குப் பிள்ளையின் நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஒரே பேட்டர் ஒரே பிட்சரை மூன்றாவது முறை சந்திக்கும்போது, பந்துகள் எல்லாம் பழகிப்போய் நன்றாக அடிக்கிறார் என்று புள்ளிவிவரம் சொல்கிறது. அதனால் இரண்டு சுற்று முடிந்ததும் ஆளை மாற்றிவிடுவது இப்போதைய வழக்கம். 2020 வேர்ல்ட் சீரிஸ் ஆறாவது ஆட்டத்தில், டாம்பா பேயின் பிளேக் ஸ்னெல் அற்புதமாக வீசிக்கொண்டிருந்தபோது, 73 பந்திலேயே மேனேஜர் எழுந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டார். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அன்றைக்கே கோப்பையைத் தூக்கிவிட்டது. புள்ளிவிவரம் ஆயிரம் ஆட்டத்துக்குச் சரி. அன்றைக்கு எதிரில் நிற்கிறவன் முகத்தில் பயம் தெரிகிறதா என்று பார்ப்பது மேனேஜர் வேலை. அதற்குத்தானே அவருக்கு டக்அவுட்டில் முதல் வரிசையில் இடம் போட்டிருக்கிறார்கள்?

ஆனால் முழங்கை என்று ஒன்று இருக்கிறதே. அதன் உள்பக்கம் இருக்கும் ஒரு சின்ன நாரில்தான் பிட்சரின் பிழைப்பு முழுவதும் தொங்குகிறது. 1974-ல் ஃபிராங்க் ஜோப் என்ற டாக்டர், டாமி ஜான் என்ற பிட்சரின் இன்னொரு கையிலிருந்து நார் எடுத்து, அறுந்த இடத்தில் வைத்துத் தைத்தார். மனிதர் 1976-ல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். கத்தி பிடித்தவரை விட்டுவிட்டு, கத்திக்குக் கை நீட்டியவர் பெயரையே அந்த ஆபரேஷனுக்கு வைத்துவிட்டார்கள். ஸ்கீன்ஸோடு 2024-ல் அறிமுகமான எங்கள் ஜேரட் ஜோன்ஸுக்கு 2025 மே மாதம் முழங்கையில் ஆபரேஷன். அந்த வருடம் முழுக்கப் போனது. அதனால் பந்து எண்ணுவதை நான் எதிர்க்கவில்லை. பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்லும்போது ஸ்கீன்ஸ் பெயரையும் சேர்க்கலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன். பிறந்த தேதி தெரியும், 2002 மே 29. நேரம் கிடைக்காததால் நட்சத்திரம் நிச்சயமாகவில்லை.

யோசித்துப் பார்த்தால் எங்கள் அணிக்கும் ரன்னுக்கும் என்றைக்குமே ஒத்துப்போனதில்லை. 1960 வேர்ல்ட் சீரிஸில் ஏழு ஆட்டத்திலும் சேர்த்து யாங்கீஸ் எடுத்தது 55 ரன், நாங்கள் எடுத்தது 27. கோப்பை எங்களுக்கு! ஏழாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் பில் மசரோஸ்கி அடித்த ஹோம் ரன்னை ஊர்ப் பெரியவர்கள் நேற்று நடந்தது போலச் சொல்வார்கள். அதற்கு முந்தைய வருடம் எங்கள் பிட்சர் ஹார்வி ஹாடிக்ஸ் 12 இன்னிங்ஸ், 36 பேட்டர், ஒருவரைக்கூட முதல் பேஸுக்கு விடவில்லை. நாங்கள் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. 13-வது இன்னிங்ஸில் அவர் தோற்றார். 2022 மே 15-ல் சின்சினாட்டி பிட்சர்கள் எங்களை ஒரு ஹிட்கூட அடிக்கவிடவில்லை. நாங்கள் 1-0 என்று ஜெயித்தோம். மட்டை பிடிக்காமலே ரன் வரும் என்ற நம்பிக்கை அன்றைக்குத்தான் நிர்வாகத்துக்கு உறுதிப்பட்டிருக்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து ஆள் எடுத்த கதையிலும் இதேதான். 2008-ல் உத்தரப் பிரதேசத்துப் பையன்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் தேர்வாகி அமெரிக்கா வந்தார்கள். ஒப்பந்தம் போட்டது பைரேட்ஸ். ஈட்டி எறிந்த பையன்கள். அந்தக் கதை 2014-ல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று படமாகி, ஏ.ஆர். ரஹ்மான் இசையும் போட்டார். எனக்குப் படத்தில் குறையில்லை. தெருவுக்குத் தெரு மட்டையைச் சுழற்றும் நாட்டிலிருந்து ஆள் எடுக்கும் போதுமா பிட்சர்?

ஆகவே என் வியூகம் இது. ஸ்கீன்ஸை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. பப்பா சாண்ட்லர் போன்ற இளம் பிட்சர்களில், மனதைக் கல்லாக்கிக்கொண்டு, யாராவது ஒருவரைக் கொடுத்து, பந்தை வேலிக்கு மேலே அனுப்பத் தெரிந்த ஒருவரை வாங்க வேண்டும். கிரிஃபினை அவசரப்படுத்தாமல் பழுக்க விட வேண்டும். பழுத்த பிறகு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடக் கூடாது. பந்து எண்ணுகிறவர் எண்ணட்டும், ஆனால் ஹிட்டே கொடுக்காத பிட்சரிடமிருந்து பந்தை வாங்கப் போகும் முன் எங்கள் அம்மாவை ஒரு வார்த்தை கேட்கட்டும். கஜானாச் சாவி கையில் உள்ள முதலாளிக்கு ஒரே விண்ணப்பம்: 162 ஆட்டத்தில் ஸ்கீன்ஸ் தொடங்குவது 32. மிச்சம் 130 ஆட்டத்துக்கும் நாங்கள் டிக்கெட் வாங்குகிறோம் ஐயா.

நீங்கள் பிட்ஸ்பர்க் வந்தால் கட்டாயம் மைதானத்துக்குப் போங்கள். அலெகெனி ஆற்றங்கரையில் அவ்வளவு அழகான இடம். ஸ்கீன்ஸ் போடும் நாளாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள். அது அமையாவிட்டாலும் பரவாயில்லை. ஆட்டத்தின் நடுவே பியரோகி ஓட்டம் நடக்கும். மாவுக்குள் உருளைக்கிழங்கு வைத்த போலந்துப் பண்டம் போல வேஷம் கட்டிக்கொண்டு சிலர் மைதானத்தில் ஓடுவார்கள். அதைத் தவறவிடாதீர்கள். அந்த மைதானத்தில் உள்ளூர்க்காரர் ஜெயிப்பார் என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய போட்டி அது ஒன்றுதான்.