தொண்ணூறு நாள் ஆயுள் கொண்ட கூப்பன்

அரசாங்கம் ஒன்று குடிமக்களின் வீட்டுத் தொலைக்காட்சியை இருட்டாக்க நாள் குறித்துவிட்டு, இருட்டு விலகுவதற்கு ஆகும் செலவில் ஒரு பகுதியையும் தானே தருவதாக அறிவித்த விந்தை, அமெரிக்காவில் 2008, 2009 ஆகிய ஆண்டுகளில் நடந்தேறியது. படத்தையும் ஒலியையும் தொடர் அலையாக அனுப்பும் அனலாக் முறையைக் கைவிட்டு, அவற்றை எண்களாக்கிச் சுருக்கி அனுப்பும் டிஜிட்டல் முறைக்கு 2009 பிப்ரவரி 17 அன்று எல்லாப் பெரிய நிலையங்களும் மாறிவிட வேண்டும் என்று சட்டம் விதித்தது. டிஜிட்டல் முறைக்கு வானலையில் குறைந்த இடமே போதும் என்பதால், மிஞ்சும் இடத்தில் ஒரு பகுதியைக் காவல், தீயணைப்புத் துறைகளுக்கு ஒதுக்கி, எஞ்சியதைக் கைபேசி நிறுவனங்களுக்கு ஏலம் விடலாம் என்பதே இதன் உள்நோக்கம். 2008இல் நடந்த அந்த ஏலம் ஏறத்தாழ 1,900 கோடி டாலரைக் கொண்டுவந்தது.

கேபிள் இணைப்பு உள்ளவர்களுக்கு இதனால் பாதிப்பு இல்லை. பழைய பெட்டியையும் ஆன்டெனாவையும் மட்டுமே நம்பியிருந்த வீடுகளுக்குத்தான் சிக்கல். புதிய அலையை வாங்கிப் பழைய தொலைக்காட்சிக்குப் புரியும்படி மாற்றித் தரும் ‘கன்வெர்ட்டர் பாக்ஸ்’ என்ற சிறு கருவி அவர்களுக்குத் தேவைப்பட்டது. அதைத் தமிழ்நாட்டில் அறியப்பட்ட செட்டாப் பாக்ஸுக்கு மாதச் சந்தா கேட்காத ஒன்றுவிட்ட தம்பி எனலாம். கடையில் 40 முதல் 80 டாலர் வரை விற்ற இக்கருவிக்காக, வீட்டுக்கு இரண்டு வீதம், ஒவ்வொன்றும் 40 டாலர் மதிப்புள்ள கூப்பன்களை வழங்க 150 கோடி டாலர் வரை ஒதுக்கப்பட்டது. யானையை விற்றவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கமாட்டான் என்று எண்ணியிருந்தவர்கள், அந்தக் கூப்பனின் விதிகளைப் படிக்காதவர்கள்.

அவ்விதிகளின்படி இரண்டு கூப்பன்களையும் சேர்த்து ஒரே பெட்டிக்குக் கொடுக்க முடியாது. அரசு சான்றளித்த பெட்டிகளைத் தவிர வேறெதற்கும் அவை செல்லாது. அஞ்சலில் புறப்பட்ட 90 நாளில் அவை காலாவதியாகிவிடும். முதல் தொகுதி 2008 பிப்ரவரியில் அனுப்பப்பட்டபோது கடைகளில் பெட்டிகள் போதிய அளவில் வந்துசேரவில்லை. ஆகவே அரசின் சொல்லை மதித்து முந்திக்கொண்டு விண்ணப்பித்தவர்களில் பலர், பெட்டி வருமுன் கூப்பன் இறப்பதைக் காணும் பேறு பெற்றனர். காலாவதியானதற்கு மாற்றுக் கூப்பன் கிடையாது என்பது அப்போதைய விதியாகையால், சோம்பேறிக்கு இருந்த வாய்ப்பு சுறுசுறுப்பானவருக்கு இல்லாமல் போயிற்று. முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வசித்தவர்களின் நிலை இன்னும் நுட்பமானது. சட்டத்தின் பார்வையில் அவர்கள் தனிக் ‘குடும்பம்’ ஆகாததால், நாட்டில் தொலைக்காட்சியை முழுநேரப் பணியாகக் கருதும் அப்பிரிவினருக்குத் தொடக்கத்தில் கூப்பனே இல்லை. 2008இன் பிற்பகுதியில்தான் விதி திருத்தப்பட்டது.

கணக்கியலின் தனிச்சிறப்பு 2009 ஜனவரியில் வெளிப்பட்டது. அனுப்பப்பட்டு இன்னும் பயன்படுத்தப்படாத ஒவ்வொரு கூப்பனும் அரசின் மீதான கடனாகவே எண்ணப்பட்டதால், ஒதுக்கீட்டின் உச்சவரம்பு ஏட்டளவில் எட்டப்பட்டுவிட்டது. கருவூலத்தில் பணம் இருந்தும் கொடுக்க வழியில்லை. யாரோ ஒருவரின் மேசை அறைக்குள் உறங்கிய கூப்பன் செத்தால்தான் வரிசையில் நிற்கும் மற்றவருக்கு ஒன்று பிறக்கும் என்ற நிலையில், காத்திருப்போர் பட்டியல் பல லட்சங்களாக நீண்டது. கர்ம வினைக் கோட்பாட்டை வரவுசெலவுத் திட்டத்தில் இவ்வளவு துல்லியமாகப் பொருத்திய அரசு வேறு உண்டா என்பது ஆய்வுக்குரியது. ஒபாமா பதவியேற்றபின் நாடாளுமன்றம் இருட்டடிப்பு நாளை ஜூன் 12க்குத் தள்ளிவைத்தது; குறித்த நாளுக்கு ஆறே நாள் இருக்கையில் அச்சட்டம் கையெழுத்தாயிற்று. மேலும் 65 கோடி டாலர் கிடைத்ததோடு, காலாவதியான கூப்பன்களுக்கு மறுபிறவியும் அனுமதிக்கப்பட்டது.

இத்தனைக்கும் ஒத்திகை பார்க்கப்படாமல் இல்லை. வட கரோலினாவின் வில்மிங்டன் நகரம் 2008 செப்டம்பர் 8 நண்பகலில், பெரியதொரு மாதிரிச் சுவிட்சைத் தள்ளும் சடங்குடன் முதலில் மாறியது. அதற்கு இரண்டு நாள் முன்னர்தான் ஹன்னா புயல் அக்கரைப் பக்கம் கரையேறியிருந்தது. மின்கலத்தில் ஓடும் சிறு அனலாக் தொலைக்காட்சியே புயல் காலத்தில் அப்பகுதியினரின் துணை என்பதையும், மாற்றத்திற்குப்பின் அது வெறும் பெட்டி என்பதையும் சேர்த்து எண்ணினால் நாள் தேர்ந்தவரின் துணிவு புலப்படும். ஹவாய் மாநிலமோ 2009 ஜனவரி 15 அன்றே மாறிவிட்டது. அங்கு ஹலேயகலா மலையிலிருந்த பழைய ஒளிபரப்புக் கோபுரங்களை, அருகில் கூடு கட்டும் ஹவாய்ப் பெட்ரல் என்ற அருகிவரும் கடற்பறவையின் இனப்பெருக்கப் பருவத்துக்கு முன் அகற்ற வேண்டியிருந்தது. நாடே நாளைத் தள்ளிப்போட வாதாடிக்கொண்டிருக்க, பறவைக்காக நாள் முன்னே நகர்ந்தது.

பெட்டி வாங்கி இணைத்தவர்களையும் இயற்பியல் விடவில்லை. அனலாக் அலை நலிந்தால் படம் புள்ளி புள்ளியாகவேனும் தெரியும்; டிஜிட்டல் அலை நலிந்தால், ஒரு வரம்பு வரை தெளிந்திருந்த படம் திடீரெனக் கட்டம் கட்டமாக உறைந்து மறையும். மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் திருப்பியபடி “தெரியுதா, தெரியுதா” என்று கத்தியவருக்குக் கீழிருந்து “கொஞ்சம்” என்று வந்த விடை, இப்புதிய முறையில் வழக்கொழிந்தது.

ஜூன் 12 அன்று பெரிய நிலையங்களின் அனலாக் ஒளிபரப்பு ஓய்ந்தது. கூப்பன் விண்ணப்பங்கள் மட்டும் ஜூலை 31 வரை ஏற்கப்பட்டன. வீட்டில் கேபிள் இணைப்பு உண்டா என்று அந்த விண்ணப்பம் கேட்டதே தவிர, திரை இருண்டு ஏழு வாரம் கழிந்தபின் விண்ணப்பிக்கும் வீட்டுக்குத் தொலைக்காட்சி தேவைதானா என்று கேட்கவில்லை.