குறி தவறாத துறை

போலீஸ் கையில் யாராவது செத்துப்போனால் மறுநாள் டி.வி. விவாதத்தில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வந்து உட்கார்ந்து, காவலர்களுக்குப் பயிற்சி போதவில்லை என்பார். அந்தத் துறையை இதைவிடக் கேவலமாக யாரும் அவதூறு செய்ய முடியாது.

ரவுடியைச் 'சுட்டுப் பிடிக்கும்' செய்திகளைப் படியுங்கள். ஆயுதத்தைப் பதுக்கிய இடத்தைக் காட்ட விடியற்காலையில் கூட்டிப்போகிறார்கள். அவர் அரிவாளை எடுத்து எஸ்.ஐ.யின் கையில் வெட்டுகிறார், லேசான காயம். அப்புறம் அரையிருட்டில் ஓடுகிறவரின் முழங்காலுக்குக் கீழே தோட்டா கச்சிதமாகப் போய் நிற்கிறது. ஒலிம்பிக்குக்கு அனுப்ப வேண்டிய கை, ஸ்டேஷனில் ரைட்டர் வேலை பார்க்கிறது.

இதே துறைதான் 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் நின்றது. ஸ்டெர்லைட் தாமிர ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். கூட்டத்தைக் கலைக்க முதலில் எச்சரிக்கை, கண்ணீர்ப்புகை, லத்தி. வேறு வழியே இல்லாவிட்டால் துப்பாக்கி, அப்போதும் குறி தாழ்வாக இருக்க வேண்டும் என்கிறது காவல் நிலையாணை. அன்றும் மறுநாளும் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். 12 பேருக்குக் குண்டு பாய்ந்தது தலையிலோ மார்பிலோ. அதில் பாதிப்பேருக்கு முதுகுப்பக்கமிருந்து. ஓர் இளம்பெண்ணுக்குப் பிடரியில் நுழைந்து வாய்வழியே வந்தது. தூத்துக்குடிக்காரர்களுக்குத் தலை இடுப்புக்குக் கீழே இருக்கும்போல.

சுடச் சொன்னது யார்? முதல் தகவல் அறிக்கைகளின்படி துணைத் தாசில்தார்கள். ஒரு பட்டா மாறுதலுக்கு மாதக்கணக்கில் நடக்கவிடும் தாசில்தார் ஆபீஸிலிருந்து தமிழ்நாட்டு வரலாற்றிலேயே உடனடியாகக் கிடைத்த உத்தரவு அதுவாகத்தான் இருக்கும். ஓடிக்கொண்டிருந்தவர்களை மறைவிலிருந்து சுட்டார்கள் என்று இதை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் எழுதியது. 17 போலீஸ்காரர்கள் மீது நடவடிக்கை வேண்டும் என்றது. அறிக்கை 2022இல் சட்டமன்றத்துக்கு வந்தது. வந்தது, சில போலீஸ்காரர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள், அவ்வளவுதான்.

லத்திக் கலையிலும் குறை சொல்ல முடியாது. 2020இல் சாத்தான்குளத்தில் அடிபட்டுச் செத்த தந்தையும் மகனும் தாங்களே தரையில் உருண்டு உள்காயம் பட்டுக்கொண்டதாக எஃப்.ஐ.ஆர். சொன்னது. மற்றவர்கள் பாத்ரூமில் வழுக்கி விழுகிறார்கள். விழுந்தால் கை ஒடியும், கூடவே கால் ஒடியும். மாவுக்கட்டோடு நிற்கும் படம் சாயங்காலமே வாட்ஸ்அப்பில் சுற்றும், நாமும் 'சூப்பர் சார்' என்று கைதட்டுவோம். இத்தனை பேரை விழவைத்த அந்தத் தரையைப் பொதுப்பணித்துறை ஒருநாள்கூட வந்து பார்த்ததில்லை.

காவல் நிலையத்தில் மூலைமுடுக்கெல்லாம் கேமரா வைக்கச் சொல்லி 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவறைக்கு வெளியே வைக்கலாம், உள்ளே கூடாது. நியாயம்தான், மானம் முக்கியம். 2025இல் திருப்புவனம் பக்கம் மடப்புரத்தில் கோயில் காவலாளி ஒருவரைத் தனிப்படை அடித்தே கொன்றபோது, அதைப் படம்பிடித்தது அரசாங்கம் மாட்டிய எந்தக் கேமராவும் இல்லை. கழிவறைக்குள் ஒளிந்துகொண்டு ஒருவர் ஜன்னல் வழியே நீட்டிய செல்போன்.