பொறுத்தார் கம்ப்யூட்டர் ஆள்வார்

எங்களுக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போவதாக இவர் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள். "இப்பவா சார்? இப்ப வாங்குறவன் ஏமாளி. ரெண்டு மாசம் பொறுங்க, அடுத்த சீரிஸ் வருது" என்பார். எந்த வருடம் கேட்டாலும் அதே ரெண்டு மாசம்தான்.

2020 செப்டம்பரில் என்விடியா 3080 கார்டை 699 டாலர் என்று அறிவித்தது. "முதல் லாட்ல கை வைக்கக் கூடாது சார், கொஞ்சம் ஆறட்டும்" என்றார். எங்கே ஆறியது? கிரிப்டோ மைனிங்காரர்கள் கார்டுகளை மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு போனார்கள். விலை தாறுமாறாக எகிறியது. "பாத்தீங்களா, இந்த விலைக்கா வாங்குவீங்க?" என்று நம்மையே மடக்கினார். 2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங்கைத் தலைமுழுகியது, செகண்ட் ஹேண்ட் கார்டுகள் மலிந்தன. "இறங்குதுல்ல? இன்னும் இறங்கும். அதோட அடுத்த மாசம் 4090 வேற வருது." வந்தது. 1,599 டாலர். "பகல் கொள்ளை சார், 50 சீரிஸ் வரட்டும்." 2025 ஜனவரியில் அதுவும் வந்தது. "இதுல சூப்பர் மாடல் விடுவான், பாருங்க."

சரி, கார்டு வேண்டாம், வேறு எதையாவது மாற்றலாம் என்றாலும் விட மாட்டார். பிராசஸரை மாற்றினால் சாக்கெட் வேறு, அதற்கு மதர்போர்டு, ஏஎம்5 போர்டில் பழைய டிடிஆர்4 ராம் உட்காராது, பவர் சப்ளை தாங்காது. கடைசியில் பழைய மெஷினில் மிஞ்சுவது கீபோர்டு ஒன்றுதான்.

இத்தனைக்கும் சனிக்கிழமை தவறாமல் ரிச்சி தெருவுக்குப் போவார். கார்டுப் பெட்டியை வாங்கி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, பின்பக்கப் பொடி எழுத்தை ஒரு வரி விடாமல் படிப்பார். உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார். ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா, வாரண்டி எத்தனை வருஷம், எல்லாம் விசாரிப்பார். "பில் போட்டுடவா சார்?" என்று பையன் கேட்டால், "சும்மா பாக்கலாம்னு வந்தேன் தம்பி." இப்போதெல்லாம் இவர் தலை தெரிந்தால் பையன்கள் ஸ்டூலை விட்டு எழுந்திருப்பதே இல்லை.

இவரிடம் இருப்பது 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060. அதன் இரண்டு விசிறிகளில் ஒன்று தானாகச் சுற்றாது, பென்சிலால் ஒரு தட்டு தட்டிக் கிளப்பிவிட வேண்டும். கேபினெட்டின் பக்கவாட்டுத் தகடு எப்போதோ கழன்றுவிட்டது. மே மாதத்தில் டேபிள் ஃபேனை நேராக அதற்குள் திருப்பி வைத்துவிட்டு, இவர் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருப்பார். அந்த மெஷினில், எல்லா செட்டிங்கையும் அடிமட்டத்தில் வைத்துக்கொண்டு, கவுன்டர் ஸ்ட்ரைக்கில் எங்கள் ஃப்ளாட் பையன்கள் அத்தனை பேரையும் வரிசையாகச் சுட்டுத் தள்ளுகிறாரே, அதற்கு மட்டும் ஒரு கும்பிடு.

ஆனால் அவர் பொறுப்பது அவர் பாடு. எங்களை ஏன் பொறுக்கச் சொல்ல வேண்டும்? 2025 நடுவில் என் பையன் ராம் உட்பட எல்லாவற்றுக்கும் கொட்டேஷன் வாங்கி, பணத்தையும் தேற்றி வைத்திருந்தான். "ராம் விலை எப்பவும் இறங்குமுகம்தான் தம்பி, தீபாவளி ஆஃபர் பாத்துக்கலாம்" என்று தடுத்தவர் இவர். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்புகளெல்லாம் போக, வருடக் கடைசிக்குள் ராம் விலை இரண்டு மடங்கையும் தாண்டிவிட்டது. அந்தக் கொட்டேஷனைப் பையன் கிழித்துப் போட்டான். ஒரு வார்த்தை வருத்தம் சொன்னாரா இவர்? "மார்க்கெட் சார், யார் என்ன செய்ய முடியும்?"

போன மாதம் பையன் இவரிடம் மூச்சு விடாமல் ஒரு பழைய 3060 கார்டை வாங்கி மாட்டிவிட்டான். இவர் காலிங் பெல் அடித்தால் முதல் வேலையாக கேபினெட் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடுகிறோம். பார்த்தால் விலையைக் கேட்பார். சொன்னோமோ, அடுத்த வாரத்திலிருந்து அதே கார்டு எங்கெங்கே எவ்வளவு குறைவாகக் கிடைக்கிறது என்று வாட்ஸாப்பில் ஸ்க்ரீன்ஷாட் வந்துகொண்டே இருக்கும்.