தலை தேய்ந்து சீப்பான கதை

"வெள்ளி வாங்கியிருக்கேன்" என்றதும் என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். உள்ளங்கையில் தெனியே என்ற பழைய பிரெஞ்சு வெள்ளிக்காசை வைத்தேன். எடை ஒரு கிராம் இருக்கலாம். கறுத்துப்போய், ஊதினால் பறக்கும்போல இருந்தது.

"கொலுசுக்கு ஒரு மணிகூடத் தேறாதே!"

உண்மைதான். ஒரு பவுண்டு வெள்ளிக்கு 240 தெனியே என்பது சக்கரவர்த்தி சார்லமேன் வகுத்த கணக்கு. அவருடைய பேரரசு உடைந்ததும் பிரான்சில் கோமகன், பிஷப், மடத்துத் தலைவர் என்று ஆளாளுக்கு நாணயம் அடித்தார்கள். பால்காரர் தண்ணீர் சேர்ப்பதுபோல் செம்பு சேர்ந்தது. அங்குலேம் ஊரில் லூயி ராஜா பெயரை அவர் செத்து நூற்றாண்டுகள் ஆன பிறகும் விடாமல் பொறித்தார்கள். கடை கைமாறினாலும் பழைய போர்டைக் கழற்றாத மளிகைக்காரர் புத்தி!

எனக்குப் பித்துப் பிடித்தது ஷினோன் தலை மேல்தான், அதாவது ஷினோன் ஊர்க் காசில் பொறித்த தலை. 10ஆம் நூற்றாண்டில் அது ஒருவாறு முகம். ப்ளுவாவிலும் வாந்தோமிலும் ஷாத்தோதனிலும் அதைப் பார்த்து அடித்தார்கள். பிறகு அடித்ததைப் பார்த்து அடித்தார்கள். மூக்கு கோடாயிற்று, கண் புள்ளியாயிற்று. ஷாம்பாஞ் பகுதியில் ப்ரொவானுக்கு வந்து சேர்ந்தபோது அது சீப்பு! பல் பல்லாக, பேன் சீப்பேதான். கழுதை தேய்ந்து கட்டெறும்பானதை இங்கே உலோகத்தில் பார்க்கலாம். ஷாம்பாஞ் சந்தைகளில் அந்தச் சீப்புக்கு இருந்த மவுசு எப்படிப்பட்டதென்றால், ரோம் நகரத்து செனட்டே அதைக் காப்பியடித்து நாணயம் வெளியிட்டது. ஆளாளுக்குக் காசடிக்கும் இந்தக் கூத்தைப் பார்த்து 1262இல் பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயி, பிரபுக்களின் காசு அவரவர் எல்லைக்குள் மட்டும் செல்லும், என் காசு எங்கும் செல்லும் என்று ஆணை போட்டார். பாவம், சில்லறை மாற்றியே களைத்திருப்பார்.

என்னிடம் இப்போது 14 சீப்பு இருக்கிறது. தலையில் முடிதான் இல்லை. இதை என் மனைவி விருந்தாளிகளிடம் மட்டும் சொல்வாள். ஆனால் எல்லா விருந்தாளிகளிடமும் சொல்வாள்.

போன வாரம் அவளே பூதக்கண்ணாடியை எடுத்தாள். ஷினோன் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"இப்படிப் பிடிச்சா சாவி. அப்படிப் பிடிச்சா குத்துவிளக்கு. ஆள் எங்கே?"

"ஆள்தான் கொஞ்சம் கொஞ்சமாத் தேய்ஞ்சு சீப்பாயிட்டாரு. எப்படியும் 100 வருஷத்துக்கு மேலே பிடிச்சிருக்கும்."

கண்ணாடியைக் காசிலிருந்து எடுத்து என் தலைக்கு நேரே பிடித்தாள்.

"உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகலையே!"