மறுபரிசீலனை

பெங்களூர் தொம்மலூரின் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. அந்தக் காலத்துத் தானங்களில் 'சந்திராதித்தவரை', அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை, என்று எழுதி முடித்துவிடுவார்கள். வக்கீலுக்கு வேலை இல்லை. ஆனால் 1924இல் பிரிட்டிஷாரின் சென்னையும் மகாராஜாவின் மைசூரும் காவிரி ஒப்பந்தம் போட்டபோது, சில ஷரத்துகள் 50 ஆண்டு கழித்து 'மறுபரிசீலனைக்கு உரியவை' என்றார்கள். போதாதா? 1974 வந்ததும் அதற்குப் பெங்களூரில் 'காலாவதி' என்று பொருள். சென்னையில் 'தொடரும்' என்று பொருள். நடுவர் மன்றம், உச்ச நீதிமன்றம் என்று 2018 வரை இழுத்தது. கடைசியில் பெங்களூர் அகராதியே ஜெயித்தது, தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி, பெங்களூர் நகரத்துக்குக் கூடுதலாக 4.75. தொம்மலூர்த் தமிழர்கள் எந்தக் கட்சி என்று கேட்டுவிடாதீர்கள். அவர்கள் வீட்டுக் குழாயில் வருவதும் காவிரிதான்.